அளவு ஜாக்கெட்

தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் எங்கள் சின்னம்மா பதிமூணு வயசிலிருந்து பழம் பறித்தாள். அவள் பறித்த கூடையைத்தான் அளப்பார்கள், அவளை யாரும் அளந்ததில்லை. கீழே ஊருக்குள் இருந்த தையல்காரர் சக்கிலியத் தெருப் பெண்கள்மேல் டேப் வைக்க மாட்டார். ‘அளவு ஜாக்கெட் இருந்தா வச்சிட்டுப் போ’ என்பார். சின்னம்மாவின் அளவு ஜாக்கெட், எஸ்டேட் ரைட்டர் வீட்டம்மா போட்டுக் கழித்தது. தோள் இறங்கும், அக்குளில் பிடிக்கும். அதை வைத்தே தைத்துத் தைத்து, ஆயுசுக்கும் இன்னொருத்தி அளவில்தான் உடுத்தினாள்.

2018-இல் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தது. அப்போது அவளுக்கு வயது 53. தீட்டு நின்றுபோன பிறகும் இரண்டு வருஷமாக ரத்தம் பட்டிருக்கிறது. (தீட்டு என்ற சொல்லைப் பாருங்கள். மாசாமாசம் வருவதற்கும் அதே சொல், எங்களைத் தொட்டால் ஒட்டுவதாகச் சொல்வதற்கும் அதே சொல்.) ‘நாத்தம் தாங்கலடி பாப்பா, யாருகிட்டப் போய்ச் சொல்ல?’ என்றாள். சொல்லாமலும் இல்லை. போன இடத்தில் தொட்டுப் பார்க்காமலே சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வத்தலக்குண்டு வழியாகச் சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வெளியிலிருந்து ஐந்து வாரம் கதிர், வாரம் ஒரு மருந்து பாட்டில். அதற்குமேல் உள்ளே வைக்கும் கதிர். எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், தள்ளினால் பலன் குறையும் என்றார்கள். காப்பீட்டு அட்டை மெஷினுக்குப் பணம் கட்டியது. எங்கள் சோத்துக்கும் பஸ்ஸுக்கும், போன கூலிக்கும் யாரும் கட்டவில்லை.

உள்ளே வைப்பதற்கு அப்ளிகேட்டர் என்று பெயர். கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்று, வாய்க்கு இரண்டு பக்கமும் முட்டை மாதிரி இரண்டு குமிழ். துணி அடைத்து அசையாமல் நிறுத்துவார்கள். பிறகு அரிசி மணியைவிடச் சின்ன இரிடியம்-192 துண்டு கம்பி முனையில் குழாய் வழியே போய், குறித்த இடத்தில் குறித்த நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். அதன் வீரியம் கிட்டத்தில்தான். கொஞ்சம் தள்ளினாலே சட்டென்று விழுந்துவிடும். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். குழாய் சரியாக உட்காராவிட்டால் புற்றுக்குப் போக வேண்டியது அதுகளுக்குப் போய்விடும்.

1938-இல் மான்செஸ்டரில் வகுத்த முறையில் இந்தக் குமிழ் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவு. ரெடிமேட் சட்டை மாதிரிதான். சின்னம்மாவுக்கு எந்த ரெடிமேட் அளவும் சேரவில்லை. புற்று கீழே இறங்கியிருந்தது, வழியும் குறுகிப்போயிருந்தது. அந்த டாக்டரம்மா பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் பசையை வைத்து அச்செடுத்து, அந்த அளவில் அக்ரிலிக்கில் ஓர் அப்ளிகேட்டர் செய்ய வைத்தார். பாரிசுக்குப் பக்கத்தில் குஸ்தாவ் ருஸ்ஸி ஆஸ்பத்திரியில் பல வருஷமாக இப்படி ஒவ்வொருத்திக்கும் தனி அச்சு எடுக்கிறார்களாம். ஸ்கேன் படத்தை வைத்து முப்பரிமாண அச்சு மெஷினில் செய்வதும் இப்போது உண்டு.

வைத்துப் பார்க்கும்போது டாக்டரம்மா, ‘எங்கம்மா இடிக்குது, சொல்லுங்க’ என்று கேட்டிருக்கிறார். ‘எங்க இடிக்குதுன்னு என்னை யாருடி கேட்டா இத்தனை வயசுக்கு?’ என்று சின்னம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. கடைசித் தடவை முடிந்ததும் அந்த அச்சை வீட்டுக்குக் கேட்டாள். ‘அது எதுக்கும்மா?’ என்றார்கள். ‘எனக்குன்னு எடுத்த அளவுல்ல’ என்றாள். கொடுக்கவில்லை.

இதை மருத்துவத்தின் பெருமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. இந்த மலைக்குக் கீழேதான் அம்பிளிக்கை இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம் 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு நர்சுகள் வினிகர் தடவிப் பார்ப்பார்கள். கெட்ட இடம் வெள்ளையாகும். அங்கேயே உறைய வைத்து எடுத்துவிடலாம். 2007-இல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது: நோய் 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு! ஆனால் 114 தொகுதிகளில் 57-க்குத்தான் வினிகர். மற்ற 57, ஒப்பிட்டுப் பார்க்க. கணக்குக்கு அது தேவை என்பார்கள். அந்த 57-இல் இருந்தவளிடம் இந்த நியாயத்தை எந்த வாயால் சொல்வது? எங்கள் லயத்துக்கோ இரண்டும் வரவில்லை. அந்த வருஷம் சின்னம்மாவுக்கு 35 வயது.

மூணு சொட்டு வினிகரில் முடிந்திருக்க வேண்டியது. அது கிடைக்காததால்தான் அவள் உடம்புக்கென்று ஒரு அச்சு தேவைப்பட்டது.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் சோதனை இலவசம். போன மாசம் லயத்துப் பெண்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒருநாள் கூலி போய்விடும் என்று இரண்டு பேர் ஸ்டாப்பிலேயே திரும்பிவிட்டார்கள். சின்னம்மாவும் கூடவே வந்தாள். பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: ‘வெக்கமா இருந்தா கண்ண மூடிக்கங்கடி. ஊறுகாய்க்கு ஊத்துற வினிகருதான்.’