தண்டவாளம் எடுத்த பாதை

என் அப்பாவை ஓர் ஆற்றங்கரையில் தனியாக விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக சைக்கிள் மிதித்தவன் நான். அவருக்கு அப்போது 66 வயது. அமெரிக்காவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் பாட்டில் இரண்டும் என் சைக்கிளில் இருந்தன. இதை இதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லண்ட் வரை 'கிரேட் அலகேனி பாசேஜ்' என்று ஒரு பாதை போகிறது. 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நிலக்கரியும் அதைச் சுட்டெடுத்த கோக் கரியும் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகளுக்குப் போன ரயில் பாதைகள் அவை. சுரங்கங்கள் மூடின, ஆலைகள் மூடின, ரயிலும் நின்றது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவிட்டார்கள். 1986-இல் ஒஹையோபைல் பக்கம் சிறு துண்டாகத் தொடங்கிய வேலை, பிட்ஸ்பர்க் வரை வந்து முடிந்தது 2013-இல். பாதையின் நீண்ட பகுதி ஒன்று யாக்கிகேனி ஆற்றை ஒட்டியே போகிறது. அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'யாக்' என்பார்கள்.

அப்பா ஜோலார்பேட்டை பக்கம் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக ஓய்வு பெற்றவர். ரயில் பாதைதான் என்பதால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரிதான். அதற்கு மேல் நான் போட்ட திட்டம்தான் தப்பு. வெஸ்ட் நியூட்டனில் தொடங்கி கனெல்ஸ்வில் வரை 40 கிலோமீட்டர். மதியம் மூன்று மணிக்கு மனைவி அங்கே காரோடு நிற்பாள். ஊரில் இன்றைக்கும் தினம் சைக்கிளில் கடைக்குப் போகிறவர், சமதரையில் இதைப் போகமாட்டாரா என்று கணக்குப் போட்டேன்.

அக்டோபர் நடுவாரம். மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. வெஸ்ட் நியூட்டனில் பழைய ரயில் நிலையத்தின் சாயலிலேயே கட்டிய வரவேற்பு மையம் இருக்கிறது. அப்பா உள்ளே போகவில்லை. பாதையின் நடுவில் நின்று இரு பக்கமும் பார்த்தார்.

"தண்டவாளத்த மொத்தமா எடுத்துட்டாங்களாடா?"

"ஆமாப்பா. ரொம்ப வருஷம் ஆச்சு."

வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் ஆறு முறை நின்றார். ஒரு மதகைக் கண்டால் இறங்கிவிடுவார். சரிவில் கால் வைத்துக் கீழே போய், தண்ணீர் தடையில்லாமல் போகிறதா என்று குனிந்து பார்ப்பார். மலையை வெட்டிப் பாதை எடுத்திருந்த கட்டிங்கில் பாறையைத் தட்டிப் பார்த்தார். "ஏத்தமே இல்ல பாரு" என்றார். ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது, அதனால்தான் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போடுவார்கள், ஆறு ஏற்கெனவே வழி பார்த்து வைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மைல் கல்லில் எண் குறைந்துகொண்டே வருவதை நான் கவனிக்கவில்லை, அவர்தான் காட்டினார். கம்பர்லண்டிலிருந்து எண்ணுகிறார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது முறை நின்றபோது என் வாயில் வந்தது இதுதான்: "இப்படி ஒவ்வொரு கல்லையும் பாத்துக்கிட்டிருந்தா இருட்டிடும்பா. இது உங்க டியூட்டி இல்ல." அவர் முகம் மாறியது. "நீ போய்ட்டிரு, நான் வரேன்" என்றார். நான் போனேன். பின்னால் வருகிறார் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன்.

விட்செட் என்ற சிற்றூரில் நின்றேன். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகள் இருக்கும் ஊர். தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்தபோதுதான், இன்னொன்றும் என்னிடமே இருப்பது கண்ணில் பட்டது. இருபது நிமிடம் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. போன் செய்தால், அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. அவருக்கு ஆங்கிலம் என்றால் ரயில்வே ஆங்கிலம்தான்: சிக்னல், பாயின்ட், ஸ்லீப்பர், காஷன். திரும்பி மிதித்தபோது என் கண் முழுக்க ஆற்றின் மேலேயே இருந்தது. சரிவில் இறங்கியிருப்பாரோ, கால் வழுக்கியிருக்குமோ.

செங்காவி நிறத்தில் ஓடை ஒன்று ஆற்றில் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கைவிட்ட சுரங்கங்களில் தேங்கும் நீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் துருப் பிடித்தாற்போல் படிகிறது. அந்த வழியெங்கும் இப்படி ஓடைகள் உண்டு. பக்கத்தில் அவர் வயதையொத்த வெள்ளைக்காரத் தம்பதி. அப்பா கையில் அவர்களுடைய தண்ணீர் பாட்டில். எதிர்க்கரையில் ரயில் பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது; அதில் ஒரு சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா விரலை நீட்டிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரும் கூடவே அவர் மொழியில் எண்ணினார். முடிந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "நூத்திப் பன்னெண்டுடா" என்றார். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் முன்னால் போனார், நான் பின்னால். கீமேன் வேலை என்ன என்று எனக்கு 38 வயதில் அன்றுதான் தெரிந்தது. சுத்தியலும் கொடியும் தூக்கிக்கொண்டு விடியலில் கிளம்ப வேண்டும். ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், மற்றதைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீ கழன்றிருந்தால் அடித்து இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மதகடைத்தால் மண் கரைந்து பாதையே உட்கார்ந்துவிடும். அதனால்தான் மதகு மதகாக இறங்கினார். எங்கள் பக்கம் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய சின்ன ரயிலை எப்போதோ நிறுத்தித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பாதை வயலாகவும் வீடாகவும் ஆகிவிட்டது, இன்றைக்கு ரயில் விடவேண்டுமென்றால் முதலிலிருந்து நிலம் தேட வேண்டும் என்றார். அமெரிக்காவில் 1983-இல் சட்டம் திருத்தினார்கள். கைவிடப்போகும் ரயில் பாதையைத் துண்டு போடாமல் நடைபாதையாக வைத்திருந்து, பிற்காலத்தில் தேவைப்பட்டால் திரும்பவும் தண்டவாளம் போட அதில் இடமுண்டு என்று சொன்னேன். வண்டியை நிறுத்தி முழுதாகக் கேட்டார். "பாதைய விடலையே, அது போதும்" என்றார். அமெரிக்காவில் அவர் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

அன்று கனெல்ஸ்வில் போய்ச் சேரவில்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் மனைவியை வரச் சொன்னேன். மொத்தம் 20 கிலோமீட்டர்கூட இருக்காது.

வீட்டுக்கு வந்து அந்த வழியைப் பற்றிப் படித்தேன். விட்செட்டுக்கு முன்னால் வான் மீட்டர் என்ற இடத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன். அங்கேதான் டார் சுரங்கம் இருந்தது. 1907 டிசம்பர் 19-ஆம் தேதி வெடித்ததில் 239 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. ஹங்கேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். அன்று புனித நிக்கோலஸ் திருநாள் என்று கோயிலுக்குப் போயிருந்த வேறு பலர் பிழைத்துக்கொண்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பவும் போகலாமா என்று கேட்டார். போனோம். அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பெற்றோரை இந்தப் பாதைக்கு அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெஸ்ட் நியூட்டனிலிருந்து தெற்கே போங்கள், ஏற்றம் தெரியாது. திரும்பும் நேரத்தை யாரிடமும் சொல்லி வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று, அவரவர் சைக்கிளிலேயே இருக்கட்டும்.