வேடியப்பன் நிற்கும் நிலம்

தருமபுரி மாவட்டத்தின் ஊர்ப்புறம் ஆரவாரம் அறியாதது. மைசூர் மேட்டுநிலம் சரிந்து கிழக்கே சமவெளியை நோக்கி இறங்கும் வழியில், வத்தல்மலை, சித்தேரி மலை, தீர்த்தமலை என்று குன்றுகள் காவலிருக்க, செம்மண் மேடும் பாறைத் திட்டும் புளியமரமுமாக அது விரிகிறது. மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைக்கும் நிலம் இது. வானளாவிய கோபுரத்தைத் தேடி வருபவருக்கு இங்கே காட்ட அதிகமில்லை. ஆனால் கொல்லை வரப்பிலோ ஏரிக்கரையிலோ பலகை போன்ற ஒரு கல் நின்றால், அதற்கு மஞ்சள் பூசி, பொங்கலிட்டு, வேடியப்பன் என்று ஊரார் கும்பிடுகிறார்கள். அப்படிக் கும்பிடப்படும் கற்களில் பல, இறந்த வீரர்களுக்காக நட்டு ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த நடுகற்கள். அவற்றின் பொருளில் பாதி கல்லில் இருக்கிறது, மறுபாதி அது நிற்கும் நிலத்தில் இருக்கிறது. ஆகவே கல்லையும் நிலத்தையும் சேர்த்தே காக்க வேண்டும்.

கல்லை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். செதுக்கிய வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். உடம்பில் தைத்த அம்புகளையும் சில கற்களில் செதுக்கியிருக்கிறார்கள். காலருகே சிறு கெண்டி. மேலே வட்டெழுத்தில் சில வரிகள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கும்போது பட்டான் என்று மட்டும் சொல்லி முடிந்துவிடும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஆற்றுப் பாசனச் சமவெளியில் செல்வம் என்றால் நெல். மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும் இந்த மேட்டுநிலத்தில் கால்நடைதான் செல்வம். அதைக் கவர்வதும் மீட்பதும் போராக மூண்டதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, கல்லுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் சரிவையும் கணவாயையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்டையிலுள்ள செங்கம் பகுதியில், எடுத்தனூரில் கிடைத்த கல் இத்தகைய கற்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், கருந்தேவக்கத்தி என்ற வீரன் பட்டதை அது சொல்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கெனத் தனியே எழுதியும் வைத்தார்கள். அரசர்கள் தங்கள் வெற்றிகளைச் செப்பேட்டில் பொறித்த அதே காலத்தில், ஒரு பட்டிநாயின் பெயரைக் கல்லில் எழுதிய ஊர் அது. மாடு கவர்வதைப் பெருமைப்படுத்தும் கற்கள்தானே இவை என்று ஒருவர் கேட்கலாம். கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஊர் அங்கே நினைவில் வைத்தது வெற்றியை அல்ல, திரும்பி வராதவனை.

கல்லை ஏன் வெயிலிலும் மழையிலும் விட வேண்டும், அகழ்வைப்பகத்தில் வைத்தால் என்ன என்ற கேள்வி வலுவானது. தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்தில் பல நடுகற்கள் பாதுகாப்பாக நிற்கின்றன. சாலை அகலப்படுத்தும்போதும் நிலத்தைச் சமன்படுத்தும்போதும் உடைந்து போயிருக்கக்கூடியவற்றுக்கு அது புகலிடம். ஆபத்திலிருக்கும் கல்லைப் பெயர்த்துக் காப்பதே சரி. ஆனால் பெயர்த்த கல்லிடம் அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது, எந்த வழியை மறித்து நின்றது என்று இனிக் கேட்க முடியாது. எழுத்து அழியும் என்ற அச்சத்துக்குப் பெயர்க்காமலே மருந்து உண்டு. 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடி, கல்லெழுத்தைத் தாளில் மசியால் ஒற்றி மசிப்படி எடுத்ததால்தான் செங்கம், தருமபுரிக் கல்வெட்டுகள் நூல்களாக வந்தன. மசிப்படியும் நல்ல ஒளிப்படமும் எழுத்தைக் காப்பாற்றும். கல் தன் இடத்திலேயே நிற்கலாம்.

எண்ணெயும் மஞ்சளும் சுண்ணாம்பும் எழுத்தை மூடிவிடுகின்றன, வழிபாடே கல்லைக் கெடுக்கிறது என்பது அடுத்த மறுப்பு. பூச்சு ஏற ஏறப் படிப்பது கடினமாகும் என்பது மெய்யே. ஆயினும் கும்பிடாத கல்லின் கதி என்ன? துணி துவைக்கும் கல்லாகவும் கால்வாய்க்குப் பாலமாகவும் ஆகிவிடும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவ்பரி என்ற அமைதியான கிராமத்தைச் சுற்றிப் புதிய கற்காலத்துப் பெருங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றின் மேல் ஊருக்குப் பற்று இல்லாத 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பலவற்றைத் தீயிட்டு உடைத்து வீடு கட்டினார்கள். 1930களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர், விழுந்தும் புதைந்தும் கிடந்தவற்றை மீண்டும் நிறுத்தினார். 1986இல் அது உலகப் பாரம்பரியக் களமானது. அந்த ஊர் இழந்து மீட்ட பற்று தருமபுரியில் வேடியப்பன் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனவே செய்ய வேண்டியது, பூசாரியையும் ஊர்ப் பெரியவரையும் விலக்குவதல்ல, காவலில் சேர்த்துக்கொள்வது. எழுத்திருக்கும் பகுதியை மட்டும் பூசாமல் விடச் சொல்லி, அங்கே எழுதியிருப்பது என்ன, பட்டவன் பெயர் என்ன என்று அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தாங்கள் கும்பிடும் வேடியப்பனுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு என்று அறிந்த ஊர், அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசத் தயங்கும்.