ஒரு வாரமும் ஒரு தைப்பிங் பயணமும்



பள்ளி விடுமுறை என்றால் ஆசிரியர்களுக்குக் கொண்டாட்டம் என்று நீங்கள் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற தவணை விடுமுறையில் ஒரு வாரம் முழுவதும் என் மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்க நேர்ந்தது. அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவர்களைத் தைப்பிங்கிற்கு அழைத்துப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனால் வாரத்தைச் சொல்லாமல் பயணத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஈப்போவில் மருத்துவமனையில் இருந்தார். துணைக்கு இருக்க என் துணைவியார் ஞாயிற்றுக்கிழமை மாலையே புறப்பட்டார். போகுமுன் ஒரு தாளில் வீட்டு வேலைகளை வரிசையாக எழுதி ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டினார். மொத்தம் இருபத்து மூன்று வரிகள். "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் மூத்தவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நடுவன் முதலாம் ஆண்டு. கடைக்குட்டிக்கு நான்கு வயது.

திங்கட்கிழமை காலைப் பசியாறலுக்கே பத்து மணி ஆகிவிட்டது. ஒருவனுக்கு மைலோ சூடாக வேண்டும். ஒருத்திக்கு ஆறியிருக்க வேண்டும். ரொட்டியின் ஓரத்தை வெட்டினால் ஒருவனுக்குக் கோபம், வெட்டாவிட்டால் இன்னொருத்திக்கு அழுகை. துணி துவைத்துக் கொடியில் போட்டேன். மழை வந்தது. எடுத்து உள்ளே போட்டேன். வெயில் வந்தது. மறுபடியும் வெளியே போட்டேன். மாலையில் பார்த்தால் தாளில் ஏழு வரிதான் முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடக் காலணி வாங்கப் பட்டணத்துக்குப் போனோம். கடைக்காரர், "என்ன அளவு, சார்?" என்று கேட்டார். மூன்று பிள்ளைகளில் ஒருவருடைய அளவும் எனக்குத் தெரியவில்லை. முப்பது பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நான், என் மகனுடைய கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது தெரியாமல் நின்றேன். மூத்தவள்தான் மூன்று அளவுகளையும் சொன்னாள்.

அன்றிரவு கடைக்குட்டி அம்மாவைக் கேட்டு இரண்டு மணி வரை அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தேன். நாலரை மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த அக்கா செம்பனைக் காட்டில் உரம் போடும் வேலை செய்கிறவர். விடியுமுன் சோறு ஆக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போய், பிற்பகலில் திரும்புவார். பிறகு வீட்டு வேலை. இப்படியே நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். புதன்கிழமை மாலை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "வாத்தியாரே, வீட்டுக்குள்ளேயே அடைச்சு வச்சா பிள்ளைங்க இப்படித்தான் பிடுங்கும். ஒரு நாளைக்கு எங்கேயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அதுங்களும் தூங்கும், நீங்களும் தூங்கலாம்."

அப்படிப் பிறந்ததுதான் வியாழக்கிழமைப் பயணம்.

எங்கள் தோட்டம் கிரியான் பக்கம் இருக்கிறது. பாகான் செராய் ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுக் கொம்யூட்டர் ரயில் ஏறினோம். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ரயில் பயணம். காரில் போனால் தகப்பனின் கண் சாலையில் இருக்கும். ரயிலில் போனால் பிள்ளைகள் பார்ப்பதை நாமும் சேர்ந்து பார்க்கலாம். இதை நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

முதலில் இருபுறமும் வயல்வெளி. பிறகு செம்பனை. திடீரென்று சன்னலுக்கு வெளியே தண்ணீர். இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். நடுவன் இருக்கையில் முழங்காலிட்டு, "அப்பா, கடல்! ரயில் கடல் மேலே போகுது!" என்று கத்தினான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அது கடல் அல்ல, புக்கிட் மேரா ஏரி. கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச 1906இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். நாம் சாப்பிடும் அரிசிக்கும் அந்தத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னேன். அவன் காதில் விழவில்லை. அவனுக்கு அது கடல்தான். நானும் விட்டுவிட்டேன்.

தைப்பிங் நிலையத்தில் இறங்கியதும் மூத்தவளிடம் ஒரு செய்தி சொன்னேன். நம் நாட்டில் முதன்முதலில் ரயில் ஓடியது இந்த ஊரிலிருந்துதான். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்ற துறைமுகம் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். சுரங்கத்தில் எடுத்த ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அந்தத் தண்டவாளத்தைப் போட்டார்கள். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. அந்தத் தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது.

வாடகை வண்டி பிடித்து ஏரிப் பூங்காவுக்குப் போனோம். அந்த இடத்தின் கதையும் கேட்கத் தக்கது. ஈயம் தோண்டித் தோண்டிக் குழியாகிப் போன நிலம் அது. ஈயச் சுரங்கங்களுக்காக இங்கே பெரும் சண்டைகள் நடந்தன. 1874இல் சண்டை ஓய்ந்தபின் ஊருக்கு 'நிலையான அமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளை ஏரிகளாக்கி 1880இல் பூங்கா உருவாயிற்று. நம் நாட்டின் மிகப் பழைய பொதுப்பூங்கா இதுதான். கரையோரத்தில் 1884இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் பெரிய கிளைகள் பாதையைத் தாண்டி, குனிந்து, தண்ணீரைத் தொடுகின்றன. தாத்தா ஒருவர் குனிந்து கைகழுவுவது போல இருக்கிறது என்றாள் மூத்தவள்.

இதையெல்லாம் நான் ஒரு மரத்தடியில் நின்று, வகுப்பில் சொல்வது போலவே விளக்கிக்கொண்டிருந்தேன். 1880ஐ முடித்து 1884க்கு வந்தபோது மூத்தவள் கேட்டாள்: "அப்பா, பாப்பா எங்கே?"

திரும்பிப் பார்த்தேன். இல்லை.

பத்தடி தூரத்தில் ஏரி. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பெயரைக் கூவிக்கொண்டு கரையோரம் ஓடினேன். சருகு கூட்டிக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். "பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, வாசகர்களே. காலையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. ரயிலில் என் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை. என்ன நிறச் சட்டை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மஞ்சள் கவுன். பச்சை ரிப்பன். வலது கால் செருப்பில் பக்கிள் இல்லை, ஊசி குத்தியிருக்கிறேன்." சொன்னவள் மூத்தவள்.

ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. அடுத்த மரத்தின் பருத்த வேருக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க் குடும்பத்தாரோடு கடைக்குட்டி இருந்தாள். கையில் பாதி கடித்த கரிப்பாப். உடும்பு ஒன்றைத் தொடர்ந்து போனவளை அந்த வீட்டுப் பாட்டி பிடித்து உட்கார வைத்திருக்கிறார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அந்தப் பாட்டி எனக்கும் ஒரு கரிப்பாப்பைக் கொடுத்து, முதலில் உட்காரும்படி சொன்னார்.

பிறகு விலங்குத் தோட்டத்துக்கும் போனோம். 1961இல் தொடங்கப்பட்ட அது பூங்காவை ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகள் யானையைப் பார்த்தார்கள், புலியைப் பார்த்தார்கள். நான் மஞ்சள் கவுனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. மழை எப்போது விழும் என்று முன்பெல்லாம் அங்கே பந்தயம் கட்டுவார்களாம். நீங்கள் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். குடையும் மாற்றுத் துணியும் மறக்க வேண்டாம். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். கண்ணில் படும் நிறத்தில் உடுத்துங்கள். அந்த நிறத்தை நீங்களும் நினைவில் வையுங்கள்.

திரும்பும் ரயிலில் சின்னவர்கள் இருவரும் தூங்கிவிட்டார்கள். மூத்தவளிடம் கேட்டேன்: "பாப்பாவுக்குச் சட்டை போட்டுவிட்டது நீயா?"

"ஆமாம், அப்பா. தினமும் நான்தான். பல் விளக்கிவிடுவதும் நான்தான். அம்மா இல்லையே."

"நான் சொல்லவே இல்லையே, அம்மா?"

"நீங்கள் பார்க்கவில்லை, அதனால் செய்தேன்" என்றாள். குற்றம் சாட்டும் குரல் அல்ல. இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

தாளில் இருந்த இருபத்து மூன்று வரிகளில் பலவற்றை ஒன்பது வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் முடித்து வைத்திருக்கிறாள். நானே முடித்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

சன்னலுக்கு வெளியே மறுபடியும் அந்த ஏரி வந்தது. எனக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. முதல் பாடவேளையிலேயே தூங்கி விழும் பெண்பிள்ளைகள். தலை வாராமல், பாதி எழுதிய வீட்டுப்பாடத்தோடு தாமதமாக வரும் பிள்ளைகள். தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போனபின், தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேருடைய மதிப்பீட்டு அட்டையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பேன்! கவனம் குறைந்திருந்தது யாருக்கு என்று ரயிலில்தான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் முதலில் எழுந்தேன். கடைக்குட்டிக்குத் தலைவாரி ரிப்பன் கட்டினேன். கோணலாகத்தான் இருந்தது. "விடுங்கள் அப்பா, நான் கட்டுகிறேன்" என்று வந்த மூத்தவளைப் போய் விளையாடச் சொன்னேன். நடுவனுக்குத் துணி மடிக்கக் கற்றுக் கொடுத்தேன். ஆண்பிள்ளைக்கும் அது பாடம்தான். சனிக்கிழமை தாளில் இருபது வரிகள் முடிந்தன.

ஞாயிற்றுக்கிழமை என் துணைவியார் திரும்பினார். மாமியாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மெதுவாக எழுந்து உட்காருகிறார். "எப்படி இருந்தது வாரம்?" என்று கேட்டார். "ரயில் கடல் மேலே போச்சு" என்றான் நடுவன். "நான் கரிப்பாப் சாப்பிட்டேன்" என்றாள் கடைக்குட்டி. தொலைந்து போன கதையை நானே சொன்னேன். அவர் அதிர்ந்து போனார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூத்தவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளி திறந்த முதல் நாள், தாமதமாக வந்த ஒரு மாணவியிடம், "பசியாறினாயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "தம்பி?" என்றேன். "அவன் சாப்பிட்டுவிட்டான், சார்" என்றாள். பாடத்தைப் பத்து நிமிடம் கழித்துத்தான் தொடங்கினேன்.

தோட்டத்துத் தகப்பன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டு வாரத்தில் எத்தனை வரிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனையை மூத்த பிள்ளை சுமக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரியையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறையில் நாங்கள் ஐவரும் கோலா செப்பெத்தாங் போவதாக இருக்கிறோம். அந்தப் பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்துகளை நடுவன் கூட்டி வாசிக்க வேண்டும். கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை என்னுடையது என்று இப்போதே எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டேன்.