எழுதினதைப் படித்துக் காட்டு

மகளிர் குழுவில் இருக்கிறேன் என்பதால் போன வருஷம் என்னையும் ஒரு கணக்கெடுப்புக்கு அழைத்துப் போனார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். கையில் பாரத்தைக் கொடுத்து ‘மேடம்’ என்று கூப்பிட்டதும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்!

கோத்தகிரிக்குக் கீழே, மலைச் சரிவில் ஒரு இருளர் ஊர். அங்கே கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளால் என்ன பலன் என்று பார்க்க வேண்டும். ‘சமையலறையை உபயோகிக்கிறார்களா?’ ஆம், இல்லை என்று டிக் போட்டால் போதும்.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. சமையலறையில் ராகி மூட்டை கிடந்தது. வாசலில் மூன்று கல் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு எழுந்தேன்.

“என்னம்மா எழுதினே?”

சொன்னேன்.

“ஏன்னு கேக்கவே இல்லியே நீ?”

சுருக்கென்றது. மறுபடி உட்கார்ந்தேன். அந்த அறையில் ஜன்னல் ஒரு சாண்தானாம், புகை போகாதாம். நாலு வீட்டுப் பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே சமைப்பது அவர்கள் வழக்கம். உள்ளே ஒருத்தி நின்றாலே முட்டும்.

“வீடு கட்டறப்பவும் எங்களைக் கேக்கலே. அப்புறம் வந்தவங்களும் எழுதிக்கிட்டுப் போனாங்க. என்ன எழுதினாங்கன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலே.”

கல்யாணமான புதிதில் என் சமையலைப் பற்றி என்னைத் தவிர எல்லாரிடமும் என் நாத்தனார் பேசினது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்கு எப்படி எரிந்தது!

சமூக சேவைப் படிப்பு படிக்கும் அண்ணன் பெண்ணிடம் ராத்திரி இதைச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் சான் என்ற பழங்குடி மக்கள், தங்களை ஆராய வருகிறவர்களுக்கு 2017-ல் தாங்களே விதிகள் எழுதினார்களாம். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி அனுமதி கேட்டு வருவது, இவைதான் அதன் சாரம். புரியாத படிப்பாளிப் பேச்சும் கூடாதாம். நம் ஒடிஷாவிலேயே, நியமகிரி மலையில் பாக்ஸைட் வெட்டலாமா என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2013-ல் கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றன. கேட்டால் பதில் வரும், கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை!

பாரத்தில் காரணம் எழுத இடமில்லை. தனித்தாளில் எழுதி, பின் குத்தினேன். “இதெல்லாம் எதுக்கும்மா?” என்றார் மேற்பார்வைக்காரர். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கொடுப்பதற்கு முன்னால் பாட்டியிடம் போய்ப் படித்துக் காட்டியிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஜன்னல் ஒரு சாண்னா எழுதியிருக்கே? அதுக்கும் சின்னது. மாத்து” என்றாள்.

உள்ளே போய் அளந்து பார்த்து மாற்றினேன்.