கண்ணா, கம்ப்யூட்டரா?

ஆபீஸில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதல் பழி கண் மேல். அடுத்த பழி வயசு மேல். மானிட்டரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

எங்கள் அக்கவுன்ட்ஸ் பெரியவருக்கும் அதே கதிதான். ரிடையராக இன்னும் இரண்டு வருஷம். 3-ஐ 8 என்று படித்து இரண்டு மெமோ வாங்கிவிட்டார். கண்ணாடி மாற்றியும் பலனில்லை. "போதும் தம்பி, வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன்" என்றார். எழுதியே வைத்திருந்தார். தேதி மட்டும்தான் பாக்கி!

அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் மானேஜர் போட்டோ. நேரில் ஒல்லி, இங்கே பூசணிக்காய். விஷயம் விளங்கிவிட்டது.

மானிட்டரில் இருப்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். லினக்ஸ் அனுப்பியதோ 1024-க்கு 768. இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள் உள்ள இடத்தில் எட்டு லட்சத்துக்கும் குறைவானதை இழுத்துப் பரப்பினால் என்னாகும்? மானேஜர் குண்டாவார். 3-ம் 8-ம் ஒன்றாகும்.

ஏன் இப்படி? மானிட்டர் தன் ஜாதகத்தை (பெயர் ஈ.டி.ஐ.டி.) கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். இங்கே இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே மானிட்டர் என்று சிக்கனமாக நடுவில் ஒரு பழைய பெட்டியைச் சொருகியிருந்தார்கள். அது ஜாதகத்தை விழுங்கிவிட்டது. ஜாதகம் வராததால் லினக்ஸ் எதற்கு வம்பு என்று சின்ன அளவிலேயே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் இதைச் சரிசெய்ய ஃபைலைத் திறந்து எண்களைக் கையால் எழுத வேண்டும். எண் தப்பினால் மானிட்டரே போகலாம் என்று புஸ்தகத்திலேயே பயமுறுத்துவார்கள். 2007-ல் ராண்டர் 1.2 வந்தபின் அந்தக் கஷ்டம் குறைந்தது.

'சி.வி.டி. 1920 1080 60' என்று அடித்தால் தேவையான எண்களெல்லாம் ஒரே வரியில் வரும். அதை 'எக்ஸ்ரேண்டர்' கட்டளைக்கு மூன்று தடவை கொடுக்க வேண்டும்: புது அளவை உண்டாக்கு, மானிட்டரோடு சேர், அதற்கு மாறு. மறுபடி பூட் செய்தால் மறந்துவிடும் என்பதால், மூன்று வரிகளையும் ஹோம் டைரக்டரியில் எக்ஸ்புரொஃபைல் என்ற ஃபைலில் போட்டுவைத்தேன். (உங்கள் லினக்ஸ் வேலாண்டில் ஓடினால் இந்த வித்தை பலிக்காது. செட்டிங்ஸ் பக்கம்தான் போக வேண்டும்.)

திரை ஒரு கணம் இருண்டு, பளிச்சென்று வந்தது.

"அட, பைசா வரைக்கும் தெரியுதேப்பா!" என்றார் பெரியவர். வி.ஆர்.எஸ். கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கூட்டல் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

கண் டாக்டரிடம் போகுமுன் திரையில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் வைத்தியம் உங்களுக்கு இல்லை.