முடிவைச் சொல்லாத மதிப்புரை

எண்பதுகளின் சிராங்கூன் சாலையில் புத்தகங்கள் கிளிப்பில் தொங்கின. ஐந்தடிப் பாதையின் தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் குமுதத்தையும் விகடனையும் ராணியையும் கல்கண்டையும் கவ்வித் தொங்கவிட்டிருப்பார்கள். மழைச்சாரல் அடித்தால் கடைப்பையன் ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவான். இதழ்களுக்குக் கீழே பலகையில் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல். அதற்கும் கீழே, பிள்ளைகளின் கண்மட்டத்தில், சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்.

நாங்கள் இருந்தது பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில். கீழே இறங்கினால் தேக்கா சந்தை. அந்தக் கட்டடத்தை 1982-இல் திறந்தபோது ‘ஜூஜியாவ் சென்டர்’ என்று பலகை மாட்டினார்கள். எங்கள் தளத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழருக்கும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அது தேக்காதான். 2000-இல் அரசாங்கமே பலகையைத் ‘தேக்கா சென்டர்’ என்று மாற்றியது. அப்பா மீன் வாங்க வரிசையில் நிற்கும் நேரத்தில் நான் சாலையைக் கடந்து நானா கடைக்கு ஓடிவிடுவேன். வெற்றிலை, பீடி, சாம்பிராணி, தேங்காயெண்ணெய், பத்திரிகை எல்லாம் விற்ற கடை. கடைக்காரரை எல்லாரும் நானா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே.

என் கையில் இருந்த காசுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு புத்தகம்தான் வாங்க முடியும். ஆனால் பலகையில் இருந்த அத்தனையும் எனக்கு வேண்டியிருந்தது. நின்றுகொண்டே படிப்பதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் நானா அரிசி மூட்டையைக் காட்டினார். “உக்காந்து படி. அட்டைய மடக்காத. கையில எண்ணெய் இருந்தா தொடாத. படிச்சு முடிச்சா எனக்குச் சொல்லணும், எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு. கேக்குறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? எனக்குப் படிக்க நேரமில்ல.” அப்படித்தான் நான் மதிப்புரை சொல்லத் தொடங்கினேன். அரிசி மூட்டைதான் என் நாற்காலி. கேட்கிறவர் கண்ணெதிரே நிற்பார், அவர் கையில் காசு இருக்கும்.

கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை வரும் அண்ணன்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் ஒரு நடை போய்விட்டுக் கடைக்கு வருவார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நாவல். அடுத்த ஞாயிறு வரை பலகைக் கட்டிலில் அதுதான் துணை. அதனால் அவர்கள் தேர்ந்தெடுப்பதில் விளையாட்டு இருக்காது. ஒருவர் ராஜேஷ்குமார் நாவலைத் தூக்கிக் காட்டி, “தம்பி, இது எப்புடி?” என்றார். நான் ஆர்வத்தில் முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் உள்ளங்கையை நீட்டி நிறுத்தினார். “கத வேணாம். முடிவ மட்டும் சொல்லிப்புடாத. படிச்சா தூக்கம் வருமா வராதான்னு சொல்லு.”

அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய பாடம். கதையைத் திரும்பச் சொல்வது மதிப்புரை இல்லை. கதை எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதுதான் அது. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமாரின் நாவல்களில் ஓர் அத்தியாயம் ஓரிடத்தில் நடக்கும். அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறோர் ஊரில், வேறு ஆட்களோடு நடக்கும். இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்ற பதைப்புதான் பக்கங்களைத் தள்ளும். முடிவுக்கு வெகுமுன்பே, ஒரு காட்சியின் நடுவில் அவை மோதிக்கொண்டால் நாவல் நல்ல நாவல். கடைசி இரண்டு பக்கத்தில் துப்பறியும் விவேக் நின்று எல்லாவற்றையும் வாயால் விளக்கினால், அன்று எழுதியவருக்கு அவசரம். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர் அவர். அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் எந்த மாதம் அவசரம், எந்த மாதம் இல்லை என்று சொல்லத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பட்டுக்கோட்டை பிரபாகரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வேன். பரத்தும் சுசீலாவும் பேசிக்கொள்ளும் பேச்சுக்காகவே அதை வாங்கலாம், கொலை இரண்டாம் பட்சம். சுபா எழுதியதில் ஓட்டமும் சண்டையும் விமானமும் இருக்கும், நரேந்திரனும் வைஜயந்தியும் வரும் இடத்தில் வேகம் கூடும். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் என்று தெரிந்தபோது, எந்தப் பத்தியை யார் எழுதியிருப்பார் என்று தேடித் தேடிப் படித்தேன். கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருந்தார்கள். அதையும் மதிப்புரையில் சேர்த்துக்கொண்டேன்.

சுஜாதாவைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. அவரை வாங்குகிறவர்கள் கேட்காமலே வாங்கினார்கள். ‘கொலையுதிர் காலம்’ படித்த பிறகு எங்கள் புளோக் படிக்கட்டில் தனியாக ஏற முடியாமல் மின்தூக்கிக்குக் காத்திருந்த மாலைகள் உண்டு. பயமுறுத்தியது பேய் இல்லை, பேயா விஞ்ஞானமா என்று தீர்ப்புச் சொல்லாமல் அவர் இழுத்துக்கொண்டே போன அந்தத் துணிச்சல். அதைச் சொல்ல அப்போது எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நோட்டில் ‘ராத்திரி படிக்கக் கூடாது’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.

ஆம், ஒரு நோட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, தலைப்பு, எழுதியவர், ஓவியர், ஒரு வரித் தீர்ப்பு. தீர்ப்பு மூன்றே வகை: வாங்கு, இரவல் வாங்கிப் படி, விடு. ஓவியருக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுச் சீனப் பையன்.

அவனுக்குத் தமிழ் ஓரெழுத்து தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. அவன் வீட்டில் ஹாங்காங்கிலிருந்து வந்த ‘லாவ் ஃபூ சு’ கட்டுக்கட்டாக இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஓல்ட் மாஸ்டர் கியூ’ என்பார்கள். அல்ஃபோன்ஸோ வாங் அறுபதுகளில் வரையத் தொடங்கிய ஒல்லிக் கிழவர். பேச்சே இல்லாத கட்டங்கள் நிறைய இருக்கும், நான் தடையில்லாமல் சிரித்தேன். பதிலுக்கு அவனிடம் முத்து காமிக்ஸைக் கொடுத்தேன். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய நிறுவனம் அது. மாயாவி லூயிஸ் கிராண்டேலின் வலது கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுதும் மறைந்து, அந்தக் கை மட்டும் காற்றில் மிதக்கும். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன். அவனுக்கு உருவம் கொடுத்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர்.

நண்பன் ஒரு சொல்லும் படிக்காமல் பக்கங்களைப் புரட்டி முழுக் கதையையும் எனக்குத் திருப்பிச் சொன்னான். பிளாஸ்கோவின் கறுப்பு அப்படி. முகத்தில் பாதி நிழல் விழுந்தால் அவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். ஆள் இல்லாத அறையில் இழுப்பறை திறந்திருந்தால் மாயாவி அங்கே இருக்கிறான். வேறு சில கதைகளில் நண்பன் நடுவழியில் திணறி நிற்பான். எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் படம் சும்மா நின்றுகொண்டிருக்கும், வேலை அத்தனையும் வசனம் செய்துகொண்டிருக்கும். அவன் திணறிய இடங்களைப் பென்சிலால் குறித்து வைப்பேன். சித்திரக்கதையை எப்படி எடைபோடுவது என்பதற்கு இதைவிட நல்ல வழியை இன்றுவரை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஸ்பைடர் என்ற காமிக்ஸ் நாயகனைப் பார்த்ததும் நண்பன், “இவன்தானே வில்லன்?” என்றான். கூர்க்காது, கறுப்புச் சட்டை, வலை பாய்ச்சும் துப்பாக்கி, பக்கத்தில் பெல்ஹாமும் ஆர்டினியும். நான் கோபத்தோடு மறுத்தேன். ஆனால் ஸ்பைடர் முதலில் குற்றச் சக்கரவர்த்தியாக வந்தவன்தான், பின்னால்தான் நல்லவர் பக்கம் சேர்ந்தான். ரெஜ் பன்னின் நுணுக்கமான கோடுகள் அந்தப் பழைய கெடுதலை அவன் முகத்தைவிட்டுப் போகவே விடவில்லை. மொழி தெரியாதவனுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. இன்னொன்றும் அவனே கண்டுபிடித்தான். ஒற்றர் கதைகளில் சில பெண்களின் சட்டைக் கை திடீரென்று நீளும். “இந்தக் கோடு வேற ஆள் போட்டது” என்று விரலால் தொட்டுக் காட்டினான். இங்கே குழந்தைகள் படிக்கிறார்கள் என்று யாரோ மை பூசி உடையை நீட்டியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் ஹோல்டவே போன்ற ஓர் ஓவியர் வரைந்த கோட்டின் மேல் வேறு கை விழுந்தது எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம்.

1984-இல் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வந்து சேர்ந்தன. ஒன்றில் ஜேம்ஸ் பாண்ட், இன்னொன்றில் மாடஸ்டி பிளைசி. பலகையில் இடம் போதாமல் நானா இன்னொரு கயிறு கட்டினார். பிறகு லயனில் ‘இரத்தப் படலம்’ வரத் தொடங்கியது. தோளருகே XIII என்று பச்சை குத்தப்பட்ட, தன் பெயரே மறந்துபோன ஒருவன். வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் பெல்ஜியத்தில் 1984-இல் தொடங்கிய தொடர். தமிழில் விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் வந்தது. எங்கள் கடைக்கு எல்லாப் பாகமும் வந்து சேரவில்லை. கட்டு தாமதமாகும், அல்லது வந்த சிலவற்றை நான் போவதற்குள் யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். கிடைக்காத பாகத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் விட்டு, முன்னும் பின்னும் வந்த பாகங்களை வைத்து நடுவில் என்ன நடந்திருக்கும் என்று எழுதினேன். கதை கட்டுவது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ‘விடு’ என்று எழுதுமுன் ஒருமுறை கூடுதலாகப் படிப்பேன்.

பள்ளியில் இதற்கெல்லாம் மரியாதை இல்லை. பையில் காமிக்ஸைக் கண்ட ஆசிரியர் ஒருவர், இது தமிழைக் கெடுக்கும் குப்பை என்றார். அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டுவிட்டது. 1987-க்குள் தீவின் எல்லாப் பள்ளிகளிலும் பயிற்று மொழி ஆங்கிலம், தமிழ் ஒரு பாடம். பாடநூல் தமிழில் எல்லாரும் நல்ல பிள்ளைகள், எல்லாரும் பூங்காவுக்குப் போவார்கள். யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், மிரட்ட மாட்டார்கள், கெஞ்ச மாட்டார்கள், கிண்டல் செய்ய மாட்டார்கள். ஒரு மொழியில் இதையெல்லாம் செய்யக் கற்காதவன் அந்த மொழியில் எப்படி வாழ்வான்? எனக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் பிரபாகரும் சுபாவும், பலூனுக்குள் எழுத்தை நெருக்கி நெருக்கி அடக்கிய சிவகாசி மொழிபெயர்ப்பாளர்களும்தான். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் சிவப்புச் செங்கல் நூலகம் இருந்தது. வாண்டுமாமாவையும் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் அங்கிருந்து எடுத்துவந்தேன். அந்தக் கட்டடத்தைச் சுரங்கச்சாலைக்காக 2004-இல் மூடி, பிறகு இடித்தார்கள். இரண்டு இடங்களும் சேர்ந்துதான் என்னை வாசகனாக்கின. நூலகத்தை மட்டும் நினைவுகூர்ந்து நானா கடையை மறைப்பது நன்றிகெட்ட வேலை.

பெரியவனான பிறகு உலகம் இவற்றைத் திரும்பிப் பார்த்தது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ராஜேஷ்குமாரையும் சுபாவையும் அதில் பார்த்துப் பலர் வியந்தார்கள். இங்கே சிங்கப்பூரில் சன்னி லியூ, சார்லி சான் ஹாக் சை என்ற கற்பனை ஓவியரின் வாழ்க்கை வழியே தீவின் வரலாற்றைச் சித்திரமாக எழுதினார். 2015-இல் அது வெளிவந்தபோது தேசியக் கலை மன்றம் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017-இல் அதே நூல் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்றது. அதை வாசித்தபோது நான் முதலில் பார்த்தது, வசனத்தை மூடிவிட்டால் படம் கதை சொல்கிறதா என்று. சொல்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பழைய காமிக்ஸ் பாணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் காலம் என்பதைக் கோட்டிலேயே காட்டிவிடுகிறார். என் நோட்டில் இடமிருந்தால் ‘வாங்கு’ என்று எழுதியிருப்பேன்.

தமிழில் இன்னும் அந்த மரியாதை போதவில்லை. இலக்கியக் கூட்டங்களில் கவிதைத் தொகுப்புக்கு ஒரு மணி நேரம் பேசுகிறோம், மாத நாவலுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒதுக்கினாலும் மொத்தமாகக் கும்பிடுகிறோம் அல்லது மொத்தமாகத் தள்ளுகிறோம். நல்ல ராஜேஷ்குமாருக்கும் அவசர ராஜேஷ்குமாருக்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்லை. ஒரு வாரக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய அந்த அண்ணன்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது. நானா கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கடியிலோ அந்தக் காலத்து மாத நாவலும் காமிக்ஸும் இருந்தால் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் தூசி தட்டி, படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள், அல்லது சேகரித்து வைக்கும் ஒருவரிடம் சேருங்கள். முதல் பக்கத்தில் சிராங்கூன் கடையின் ரப்பர் முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். இந்தச் சாலையில் நாம் எதைப் படித்தோம் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.