நூறு பேருக்கு ஓர் அணிச்சல்

வீட்டில் நால்வருக்குச் செய்யும் அணிச்சலை நூறு பேருக்குச் செய்ய வேண்டுமானால், பொருள்களை இருபத்தைந்து மடங்காக்கினால் போதும் என்று கணக்குத் தெரிந்தவர் சொல்லலாம். சமையல் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கோயில் விருந்துக்குப் பெரிய அண்டாவில் சோறு ஆக்குபவரைக் கேட்டுப் பாருங்கள். அளவு கூடக் கூட அடிச்சோறு குழையும். மேற்சோறு அரிசியாகவே நிற்கும். அணிச்சலும் அப்படித்தான். மாவு எவ்வளவு என்பதைவிட, வெப்பம் அந்த மாவின் நடுப்பகுதியை எப்போது சென்று சேர்கிறது என்பதே முக்கியம்.

நான் பிறந்த தோட்டம் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்தது. இன்று அது இல்லை. இரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பிறகு செம்பனை வீடமைப்புப் பகுதிக்கு வழிவிட்டது. லயத்து வீடுகளில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஈப்போ, புந்தோங், கோலகங்சார் எனப் பல இடங்களுக்குப் பிரிந்து போய்விட்டோம். எஞ்சியிருப்பது மாரியம்மன் கோயிலும் அதன் சிறு மண்டபமும்தாம். ஆண்டுதோறும் பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்றுகூடுகிறோம்.

அண்மையில் நடந்த ஒன்றுகூடலுக்கு முன்னர், எண்பது வயதைத் தாண்டிய ஒன்பது முதியோரைச் சிறப்பிக்க வேண்டும் என்று இளைஞர்கள் விரும்பினர். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே பிறந்தநாள் விழா. அதற்கு ஓர் அணிச்சல். வீட்டில் அவ்வப்போது அணிச்சல் செய்பவன் என்பதால் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் நான் ஒவ்வொருவரிடமும் பிறந்த தேதியைக் கேட்டேன். அப்போதுதான் வேலை எளிதன்று என்று புரிந்தது.

நமது அடையாள அட்டை எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் காட்டும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுமக்கின்ற எண் அது. ஆனால், அந்த ஒன்பது பேரில் ஐவருக்கு அந்த ஆறு இலக்கங்களும் எவரோ ஊகித்து எழுதியவை. லயத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள் அவர்கள். பதிவு பல ஆண்டுகள் கழித்தே நடந்தது. அப்போது பிள்ளையின் உயரத்தைப் பார்த்து வயது சொன்னார்களாம். "ஜப்பான்காரன் ஓடுன வருசம்" என்றார் ஒரு தாத்தா. "பெரிய வெள்ளத்துக்கு மறு மாசம்" என்றார் மற்றொருவர்.

அவர்களுள் ஒரு பாட்டி மட்டும் தமக்கு விழாவே வேண்டாம் என்றார்.

"எனக்கு எதுக்குய்யா பொறந்தநாளு? எங்கப்பா சயாமுக்குப் போனப்ப நான் எங்கம்மா வயித்துல இருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர்களில் பலருக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. பாட்டியின் தந்தை திரும்பவேயில்லை. பாட்டியின் வயதை அறிய எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த இரயில் பாதைதான்.

அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரியாமலேயே நான் பொருள்களைச் சேகரிக்கத் தொடங்கினேன்.

எளிய வெனிலா அணிச்சலையே தேர்ந்தெடுத்தேன். குழந்தைகளுக்கும் பிடிக்கும்; பல் இல்லாதவர்களும் உண்ணலாம். 33 சென்டிமீட்டர் நீளமும் 23 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டில் ஓர் அணிச்சல் செய்தால், நீளத்தில் ஆறாகவும் அகலத்தில் நான்காகவும் வெட்டி 24 துண்டுகள் பெறலாம். அப்படி ஐந்து தட்டுகள் செய்தால் 120 துண்டுகள். ஒரே பெரிய தட்டில் ஆழமாக ஊற்றினால் ஓரம் காய்ந்து கருகிய பிறகும் நடுப்பகுதி வேகாமல் கிடக்கும். ஆகவே, பெரிய அணிச்சல் ஒன்று செய்வதைவிடச் சிறியவை ஐந்து செய்வதே நல்லது.

ஒரு தட்டுக்கு வெண்ணெய் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மாவு 300 கிராம், முட்டை ஐந்து, பால் 150 மில்லிலிட்டர், பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி, வெனிலா இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயையும் சீனியையும் வெளுத்து மிருதுவாகும் வரை அடிக்க வேண்டும். சீனியின் கூரிய படிகங்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்கும். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பேக்கிங் பவுடரைக் கலந்து சலித்த மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் கலக்க வேண்டும். அதிகம் கலக்கினால் சப்பாத்தி மாவைப்போல் இழுவை வந்து அணிச்சல் கடினமாகிவிடும். 175 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 முதல் 35 நிமிடம் வேகவைக்கலாம். நடுவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும்.

என் அம்மாவிடம் மின்சார ஓவன் இருந்ததில்லை. சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணலை வைத்துத் தீபாவளிக்கு அணிச்சல் செய்வார். சுருள்கம்பி பொருத்திய கருவியால் முட்டையை அடிக்கும் வேலை பிள்ளைகளுடையது. கை கடுத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து தொடர்வான். லயத்தில் ஒரு வீட்டு அணிச்சலுக்குப் பல வீட்டுக் கைகள் உழைத்தன. அந்த அணிச்சலில் ஒரு துண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

வெனிலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில்; வெனிலாக் கொடியின் தாயகம் மெக்சிகோ. இரண்டையும் ஐரோப்பியர் வேறு நாடுகளுக்குக் கொண்டு சென்று தோட்டப் பயிராக்கினர். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்குப் போன வெனிலாக் கொடியோ பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. தாயகத்தில் அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்த பூச்சிகள் அங்கில்லை. 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகெங்கும் தோட்டங்களில் இன்றும் அதே முறையைத்தான் பின்பற்றுகின்றனர்.

வெனிலாப் பூ விடியலில் விரிந்து அன்றே வாடிவிடும். அதற்குள் தொழிலாளர் ஒவ்வொரு பூவையும் தொட்டாக வேண்டும். என் பாட்டியும் விடிவதற்கு முன்பே பால்மரக் காட்டுக்குப் போவார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். வெனிலாவுக்கும் இரப்பருக்கும் பின்னால் விடியற்காலையில் வேலை செய்த கைகள் இருக்கின்றன. அந்த எட்மண்டுக்குக் குடும்பப் பெயர்கூட இல்லை. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகே 'அல்பியஸ்' என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அவரால் தீவு செழித்தது. அவரோ 1880இல் வறுமையில் இறந்தார். கடைகளில் நாம் வாங்கும் சிறு புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆலையில் செய்த வெனிலின்தான். ஆயினும் அந்த மணத்தை உலகம் பழகிக்கொண்டது அச்சிறுவனின் விரலால்தான்.

ஐந்து தட்டுகளில் ஒன்றை முட்டையில்லாமல் செய்தேன். விரதம் இருப்போரும் சைவ உணவினரும் வருவார்கள். முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தயிர் 250 கிராமும் ரொட்டி சோடா ஒரு தேக்கரண்டியும் சேர்த்தேன். தயிரின் புளிப்பு சோடாவோடு சேரும்போது குமிழிகள் எழுந்து மாவை உப்ப வைக்கும். பக்கத்துக் கம்பத்து மலாய்க் குடும்பங்களும் சீனக் கடைக்காரரும் எங்கள் விருந்தினர் என்பதால், எல்லாரும் தயக்கமின்றி உண்ணத்தக்க பொருள்களையே வாங்கினேன்.

மேற்பூச்சுக்கு நம் நாட்டு வெயிலே பெரிய சோதனை. வெண்ணெய் 32 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் உருகிவிடும். ஈப்போவின் பிற்பகல் வெப்பமோ 33 பாகையை எளிதில் எட்டும். குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் மண்டபத்தை அடையும் முன்பே பூச்சு வழிந்துவிடும். எனவே, 500 கிராம் வெண்ணெயோடு எளிதில் உருகாத தாவரக் கொழுப்பு 250 கிராம் சேர்த்து, ஒன்றரைக் கிலோ பொடித்த சீனியும் சிறிது பாலும் கலந்து அடித்தேன். ஐந்து தட்டுகளுக்கும் மெல்லிய பூச்சாக அது போதும். சனிக்கிழமை மாலை அணிச்சல்களைச் செய்து இரவு முழுவதும் ஆறவிட்டு, ஞாயிறு காலையில்தான் பூசினேன். சூடு ஆறாத அணிச்சலில் எந்தப் பூச்சும் நிற்காது.

பூசி முடித்த பிறகு எட்டுப் பெயர்களை எழுதினேன். பின்னர்ப் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பாட்டி, உங்கள் பேரையும் எழுதட்டுமா?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என் பேரு வேணாம்யா. எங்கப்பா பேரை எழுது. அவரு பொறந்த நாளும் தெரியாது, செத்த நாளும் தெரியாது. திதி கொடுக்கக்கூட வழியில்ல" என்றார்.

முட்டையில்லாத அணிச்சலின் மேல் அந்தப் பெயரை எழுதினேன். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம் குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டு மெதுவாகக் காரோட்டினேன்.

மண்டபத்தில் பெரியவர் ஒருவர் அந்த அணிச்சலைப் பார்த்துத் தயங்கினார். இறந்தவர் பெயரைக் கத்தியால் வெட்டலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். பாட்டியே அதற்கு விடை சொன்னார். "படையலா வைங்க. படைச்சது எல்லாருக்கும் பொதுதானே."

அவ்வாறே செய்தோம். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கவில்லை, குத்துவிளக்கை ஏற்றினோம். வாழையிலையில் பொங்கலுக்கும் வடைக்கும் நடுவில் வெள்ளைப் பூச்சிட்ட அணிச்சல் இருந்தது. பாட்டி கைகூப்பி நின்றார். சற்று நேரம் கழித்து, பெயர் எழுதிய பகுதியை மட்டும் முழுதாக எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதைப் பகிர்ந்தோம்.

துண்டு வாங்க வந்த ஒரு தாத்தா, "தோட்டத்தைத் துண்டு போட்டப்ப நமக்கு ஒன்னும் வரல. இப்பவாச்சும் ஒரு துண்டு வருதே!" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற காலத்தில் வேலையிழந்தவர் அவர். அத்தகைய தொழிலாளர்களைக் காக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்புகளைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். கூறுபோட்டுப் பிரிப்பதற்கும் கூறுபோட்டுப் பகிர்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தாத்தாவின் தலைமுறை நன்கு அறியும்.

அன்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஒரு குறிப்பேட்டைத் திறந்தாள். இடப்பக்கத்தில் முதியோரின் அடையாள அட்டைத் தேதியையும் வலப்பக்கத்தில் அவர்கள் தம் வாயால் சொன்னதையும் எழுதினாள். 'சயாமுக்கு ஆள் பிடித்த ஆண்டு', 'கோயில் தேர் முதன்முதலாக ஓடிய மாதம்', 'அக்காளுக்கு அம்மை போட்ட வாரம்' என்று அந்தப் பக்கம் நிறைந்தது. அலுவலகங்களுக்கு இடப்பக்கம் போதும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருக்கலாம். அவர் எப்போது பிறந்தார், அன்று வீட்டில் யார் இருந்தார்கள், அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு, வேண்டுமானால் மேலே சொன்ன அளவில் ஓர் அணிச்சல் செய்யுங்கள். அணிச்சலுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதை அடுத்த வாரமும் செய்துகொள்ளலாம். கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.